முன்பக்கம் இல்லாத வண்டி

அவளிடம் வழி கேட்டவன் தொலைந்தான். எங்கள் கல்லூரியில் ஆளாளுக்கு ஒருமுறையாவது இதைப் பட்டுத் தெரிந்துகொண்டோம். நான் பட்டது இரண்டாம் வருடத் தொடக்கத்தில். தேர்வுப் பிரிவைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவளிடம் போய்க் கேட்டேன்.

"இப்படியே வடக்கால போ. தண்ணி டேங்க் வரும். அங்கேருந்து கெழக்கால திரும்புனா மூணாவது ரூமு."

"லெஃப்டா ரைட்டா, அதச் சொல்லு."

"யாரோட லெஃப்டு?"

"என்னோட லெஃப்டுதான், வேற யாரோடது?"

"நீ எந்தப் பக்கம் திரும்பி நிப்பன்னு எனக்கு எப்படித் தெரியும்? கெழக்கால போ. கெழக்கு எங்கயும் போவாது."

போனேன். நேராகப் பெண்கள் கழிப்பறை வாசலில் போய் நின்றேன். உள்ளேயிருந்து வந்த கணித மேடம் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாலும் போன் போட்டுத் திட்டுவாள். அப்போதும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'கெழக்கால' என்றுதான் கூப்பிடுவோம். "கெழக்கால, ரெக்கார்டு நோட்டு குடு." "கெழக்கால இன்னிக்கு லீவா?" அவளுக்குக் கோபமே வராது. பாகூர் பக்கத்தில் விவசாயக் குடும்பம். டிப்ளமோ முடித்து, உழவர்கரையில் பம்பு பாகங்கள் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் இரண்டு வருடம் லேத்து ஓட்டிவிட்டு, நேராக எங்கள் இரண்டாம் வருடத்தில் வந்து சேர்ந்தவள். எங்களுக்கு அரத்தை எந்த முனையில் பிடிப்பது என்றே தெரியாத காலம் அது. அவள் கையில் கொடுத்தால் இரும்பு சொன்னபடி கேட்கும். ஆனால் அவள் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. அவளுக்கு ஒரே ஒரு பெருமைதான். "எனக்குத் திச தப்பாது" என்பாள்.

கேன்டீனில் உட்கார்ந்தால் "அந்தச் சாம்பார் வாளியக் கொஞ்சம் தெக்கால தள்ளுப்பா" என்பாள். வாளியைத் தள்ளுகிறவன் அண்ணாந்து யோசிப்பான். ஒருநாள் சுரேஷ், எங்கள் செட்டில் வயரிங் வேலை பார்க்கிறவன், பந்தயம் கட்டினான். லேபில் அவள் கண்ணைத் துப்பட்டாவால் கட்டி, பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டு, கிழக்கைக் காட்டு என்றான். ஒரு நிமிடம் நின்றாள். அப்புறம் கையை நீட்டினாள். மிகச் சரி. சுரேஷுக்கு ஒரு தட்டு சமோசா நஷ்டம்.

"எப்படி?" என்று கேட்டால் சிரித்தாள். "கேன்டீன்ல கடுகு தாளிக்கிறான். கேன்டீன் மேக்கால இருக்குது. இதுல இன்னா மாயம்?"

எங்கள் வீட்டு வழக்கம் இதற்கு நேர் எதிர். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டுப் பென்சனோடு வந்தவர். சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்டால்கூட "அ கோஷ்" என்பார், இடப்பக்கம் என்று அர்த்தம். "அ துருவாத்" என்றால் வலப்பக்கம். எனக்கு எழுத்துத் தெரிவதற்கு முன்பே கோஷும் துருவாத்தும் தெரியும். அப்படி வளர்ந்தவன் அவளோடு சேர்ந்து வண்டி செய்யப் போனால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

கடைசி வருடம். சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு ரோபோ போட்டி வைத்தது. தரையில் பலகைச் சுவர்களால் ஒரு சந்து கட்டியிருப்பார்கள். நாலு வளைவு. பந்துகள் நிறைந்த தட்டைச் சுமந்துகொண்டு வண்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வேண்டும். மூன்று முறைக்கு மேல் சுவரில் இடித்தால் வெளியே. ஓட்டுகிறவர் கையில் வயர் வைத்த சுவிட்சுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சந்தைச் சுற்றி நடக்கலாம். சந்து வண்டியின் அகலத்துக்குக் கொஞ்சம்தான் அதிகம். எல்லோரும் செய்கிற வண்டி, பின்னால் இரண்டு மோட்டார், முன்னால் ஒரு உருளை. அந்த வண்டி வளைவில் திரும்புவதற்குள் நாலு இடத்தில் முட்டும். நானும் அதைத்தான் வரைந்து கொண்டுபோனேன்.

அவள் விதிமுறைத் தாளைப் பார்த்துவிட்டு, "வண்டி ஏன் திரும்பணும்?" என்றாள்.

"திரும்பாம எப்படி வளைவுல போவும்?"

"நண்டு திரும்பிப் பாத்தா போவுது? அது பாட்டுக்கு எந்தப் பக்கம் வேணுமோ அந்தப் பக்கம் போவுதில்ல."

"அப்ப முன்பக்கம் எது?" என்றான் சுரேஷ்.

"முன்பக்கமே கெடையாது."

அவள் சொன்னது இதுதான். சதுரச் சட்டத்தின் நாலு பக்கமும் ஒவ்வொரு சக்கரம். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் வரிசையாகக் குட்டிக் குட்டி உருளைகள், அவை குறுக்கே உருளும். எதிரெதிர் இரண்டு சக்கரங்கள் சுழன்று வண்டியைக் கிழக்கே தள்ளும்போது, மற்ற இரண்டும் தடுக்காமல் தங்கள் உருளைகளின் மேலேயே வழுக்கிக்கொண்டு கூடவே போகும். வடக்கே போக வேண்டுமென்றால் வேலை மாறும். வண்டி திரும்பவே வேண்டாம். பிரவுசிங் சென்டரில் இதுபோல ஒரு படம் பார்த்திருக்கிறேன், வெளிநாட்டில் அந்தச் சக்கரம் விலைக்குக் கிடைக்கும் என்றேன். "நாமளே செஞ்சுக்கலாம்" என்றாள்.

அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். எனக்கும் சுரேஷுக்கும் இது விளையாட்டு. கடைசி வருட ப்ராஜெக்ட்டை நாங்கள், வகுப்பில் முக்கால்வாசிப் பேரைப் போல, சென்னையில் ஒரு சென்டரில் செய்தது செய்தபடி விலைக்கு வாங்கிவிட்டோம். அவள் மாட்டேன் என்றாள். இந்த வண்டியைத்தான் ப்ராஜெக்ட் என்று தனியாகப் பதிவு செய்தாள். எங்கள் துறைத் தலைவர் கறாரான மனிதர். கையெழுத்துப் போடும் முன் பேனா மூடியை மூன்று முறை திருகிப் பார்ப்பார். அவர் சொல்லிவிட்டார்: "போட்டில மொத ரவுண்டு முடிச்சிட்டு வா, கையெழுத்துப் போடறேன். இல்லன்னா அடுத்த வருஷம் ஜூனியர் பசங்களோட சேந்து புதுசா செய். ஆபரேட்டர் தப்பு, கரண்ட்டு தப்புன்னு காரணம் எழுதி எடுத்துக்கிட்டு வராத." ஒரு வருடம் தள்ளிப்போனால் அவளுக்கு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். வேலையை விட்டுப் படிக்க வந்தவள். வீட்டில் ஏற்கெனவே முணுமுணுப்பு.

உருளைகளுக்காக இரண்டு சனிக்கிழமை பெரிய மார்க்கெட்டைச் சல்லடை போட்டாள். மீன்காரம்மாக்கள் எங்களைப் பார்த்து, "இன்னா தேடுதுங்க இந்தப் புள்ளைங்க?" என்று கேட்கிற அளவுக்கு. கடைசியில் கிடைத்தது எங்கள் வீட்டில்.

ஏதோ ஒரு புத்தகம் வாங்க வந்திருந்தாள். அப்பா எதிரே நின்றுகொண்டு, "வாம்மா மத்மொசேல். அ துருவாத் இருக்கற நாற்காலில உக்காரு, இன்னொண்ணு கால் ஆடும்" என்றார்.

"வலப்பக்கம்ங்கறார்" என்றேன் நான்.

"யாரோட வலதுங்க?"

அப்பா தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். "பட்டாளத்துல இப்படிக் கேட்டிருந்தா ஒரு மூட்ட உருளக்கிழங்கு உரிக்க உட்டுடுவான்" என்றார்.

"எதிர்ல நிக்கறவங்களுக்கு எது வலதுன்னு அங்க யாரும் கேக்கவே மாட்டாங்களா?"

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பதினைந்து வருட சர்வீஸில் இப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லையாம். அதற்குள் அவள் கால் ஆடுகிற நாற்காலியிலேயே உட்கார்ந்து, விழப் பார்த்து, சமையலறை வாசலில் தொங்கிய மணித்திரையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவில்லை. ஒரு மணியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். மரத்தில் கடைந்த பீப்பாய் மணி. நடுவில் தடிப்பு, இரு முனையும் ஒல்லி, ஊடே ஓட்டை.

"இதக் கழட்டலாமா?" என்றாள்.

"ஐயோ மாதாவே, என் கல்யாணத்துக்கு வாங்குனதும்மா அது!" என்று உள்ளேயிருந்து அம்மா ஓடிவந்தாள். அப்பா அதற்குள் முக்காலியைப் போட்டு ஏறிவிட்டார். அப்புறம் இரண்டு நாள் அப்பாவுக்கு வீட்டில் காப்பி கிடையாது.

ஹைலம் என்கிற கெட்டி பிளாஸ்டிக் பலகையில் வட்டம் அறுத்து, விளிம்பில் பள்ளம் வெட்டி, சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பியில் மணிகளைக் கோத்து, நாலு சக்கரத்தை அவளே செய்தாள். கார் வைப்பர் மோட்டார் நாலு, பைக் பேட்டரி ஒன்று. முதல் நாள் தரையில் விட்டோம். மரமணி மொசைக்கில் வழுக்கி, வண்டி நின்ற இடத்திலேயே சர்சர்ரென்று சுற்றியது. மணிக்கு மேலே ரப்பர் உறை வேண்டும். சைக்கிள் டியூப் அகலம், வால்வ் டியூப் ஒல்லி. இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு கோரிமேட்டுக்குப் பஸ் ஏறினாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக்கடை வரிசை.

"ரத்தம் எடுக்கறப்ப கையில கட்டுவாங்களே, அந்த மஞ்ச ரப்பர் டியூப் ரெண்டு மீட்டர் குடுங்க."

"எந்த வார்டும்மா? சீட்டக் குடு."

"வார்டு இல்லீங்க. சக்கரத்துக்கு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான்தான் பேஷண்ட் என்று நினைத்திருப்பார். அவள் பையிலிருந்து மணியை எடுத்து, டியூபை இழுத்து மாட்டி, கண்ணாடிப் பெட்டியின் மேல் உருட்டிக் காட்டினாள். சரியாக உட்கார்ந்தது. எங்களுக்குப் பின்னால் நின்ற விழுப்புரத்துப் பக்கத்து ஆள் ஒருவர், கையில் எக்ஸ்ரே கவர், கூட மனைவி, கெழக்காலவின் தோளைத் தொட்டார்.

"எலும்பு டாக்டரப் பாக்கணும். எந்தப் பக்கம் போவணும்மா? நாலு பேரக் கேட்டுட்டேன், லெஃப்டுன்றான், ரைட்டுன்றான், ஒண்ணும் வெளங்கல."

"கேட்டுக்குள்ள போயி மேக்கால நடங்க. ஒரு வேப்பமரம் வரும். அங்கேருந்து தெக்கால திரும்புங்க."

"அப்படிச் சொல்லு தாயி" என்று அவர் நேராக நடந்தார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று வருடமாக நாங்கள் கேலி செய்த பாஷை அது. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதை அவளிடம் சொல்லும் அளவுக்கு எனக்கு அப்போது பெரிய மனசில்லை.

இந்த லட்சணத்தில் வண்டியை ஓட்டப்போவது நான் என்று முடிவாகியிருந்தது. யார் முடிவு செய்தது? நான்தான். எங்கள் தெரு வீடியோ கேம் கடையில் என்னை ஜெயிக்க ஆளில்லை, அந்தத் திமிர். அவள் ஒரு சதுர டிபன் பாக்ஸின் நாலு பக்கமும் நாலு சுவிட்சு வைத்து, பெட்டியிலும் வண்டியின் நாலு பக்கத்திலும் கெ, மே, வ, தெ என்று பெயிண்டால் எழுதிக் கொடுத்தாள்.

"நீ எங்க வேணா சுத்து. பொட்டி மட்டும் திரும்பக் கூடாது. 'கெ' எப்பவும் கெழக்கப் பாத்துக்கினே இருக்கணும். அப்பதான் வண்டியும் பொட்டியும் ஒண்ணா இருக்கும்."

"தெரியும், தெரியும்" என்றேன்.

துறைத் தலைவர் பார்க்க வந்த நாள். சைக்கிள் ஷெட்டில் பலகை வைத்துச் சந்து கட்டியிருந்தோம். முதல் வளைவு வெண்ணெயாகப் போனது. இரண்டாவது வளைவுக்குச் சந்தின் மறுபக்கம் நடந்து போனேன். நான் திரும்ப, என் கையோடு பெட்டியும் திரும்பியது. கை தானாக 'துருவாத்' பக்கச் சுவிட்சை அழுத்தியது. வண்டி எனக்கு எதிர்ப்பக்கம் பாய்ந்து சுவரில் மோதியது. பதறி இன்னொன்றை அழுத்தினேன், இன்னும் பலமாக மோதியது. சக்கரம் பிளந்து அம்மாவின் மணிகள் ஷெட் முழுக்க உருண்டோடின. ஒன்று போய்த் துறைத் தலைவரின் ஷூவுக்கடியில் நின்றது.

"இதுக்குத்தான் சொன்னேன், நாலு பேர் செய்யற மாதிரி செய்யின்னு" என்றார் அவளிடம். என்னிடம் இல்லை, அவளிடம். "போட்டிக்கு இன்னும் ஒரு வாரம். அப்பறம் உன் இஷ்டம்."

அவர் போனபின் அவள் குனிந்து மணிகளைப் பொறுக்கினாள். எல்லாம் பொறுக்கி முடித்துவிட்டு, "நான் ஓட்டவா?" என்றாள். மூன்று மாதமாக அதைக் கேட்காமல் இருந்தவள் அவள். கேட்கவிடாமல் வைத்திருந்தவன் நான்.

மறுநாளே சக்கரத்தைச் சரிசெய்து மாட்டிவிட்டாள். அவள் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். பெட்டி காற்றில் ஆணியடித்து மாட்டியதுபோல அப்படியே நிற்கும், இவள்தான் அதைச் சுற்றி வருவாள். ஒரு பக்கம் கை மாறும், இன்னொரு பக்கம் முழங்கை முறுக்கிக்கொள்ளும், ஆனால் 'கெ' கிழக்கை விட்டு அசையாது. அந்த வாரத்தில் ஒருமுறைகூடச் சுவரைத் தொடவில்லை. சுரேஷ் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டான். நானும் என் பங்குக்கு மாதா கோயிலில் மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன்.

போட்டியன்று காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. முதல் பஸ்ஸில் சென்னை போய் இறங்கி ஆட்டோ பிடித்தோம். அவள் மடியில் வண்டியை வைத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்ததில் வெளியே எதுவும் தெரியவில்லை. ஆட்டோக்காரர் சந்து சந்தாகப் புகுந்து போனார். போட்டி நடந்த அரங்கம் ஏசி போட்ட பெரிய கூடம், சன்னல் கிடையாது, நாலு பக்கமும் ஒரே மாதிரி வாசல், ஒரே மாதிரி நீலத் திரை. சந்தின் வரைபடம் கொடுத்தார்கள். அதில் திசையே குறிக்கவில்லை.

"வடக்குப் போடாத மேப்பு இன்னா மேப்பு?" என்றாள். முகம் வெளுத்திருந்தது. "கெழக்கு எங்கப்பா?"

போனில் திசைகாட்டியெல்லாம் வராத காலம். சுரேஷ் ஓடிப்போய் வாட்ச்மேனைக் கேட்டான். "ஈஸ்ட்டா? எனுக்கு இன்னா தெரியும்? கேட்டு அந்தாண்ட" என்றார் அவர். அவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள், காதைத் தீட்டிப் பார்த்தாள். ஏசி வாசனையும் மைக்கும்தான்.

"எதுவா இருந்தா என்ன? மேடப் பக்கத்தக் கெழக்குன்னு வச்சுக்கோ" என்றேன்.

"பொய்யா எப்படி வச்சுக்கறது?"

"வச்சுக்கோயேன்! வண்டிக்குத் தெரியவா போவுது?"

"எனக்குத் தெரியுமே" என்றாள். ஒருமுறை பெட்டியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், அது அவள் கையில் அப்படியும் இப்படியும் அலைந்தது. எங்கள் முறைக்கு முன்னால் இரண்டே அணிகள் இருந்தன. இவள் ஓட்ட முடியாமல் போனால் ஒரு வருடம் போயிற்று. அதுவும் என்னால் சைக்கிள் ஷெட்டில் பாதி போய், இங்கே மீதியும் போகப் போகிறது.

வெளியே ஓடினேன். ஒரு ஐஸ் வண்டி நின்றது, சாம்பல் நிற வானம் இருந்தது, வேறொன்றும் தெரியவில்லை. மூச்சு வாங்க உள்ளே வந்து, நான் நுழைந்த அதே வாசலைக் கை காட்டினேன்.

"அதான் கெழக்கு. மொட்ட மாடிக்குப் போயிப் பாத்தேன். கடல் தெரியுது."

"கடலு தெரிஞ்சுதா?"

"கப்பல்கூட நிக்குது."

கப்பலை எதற்குச் சேர்த்தேன் என்று எனக்கே தெரியாது. வாய்க்கு வந்தது. ஆனால் அவள் உடம்பு அப்படியே தளர்ந்து நிலைக்கு வந்தது. அந்த வாசலைப் பார்த்து நின்றாள், கண்ணை மூடித் திறந்தாள், வரைபடத்தில் பேனாவால் கெ, மே, வ, தெ என்று குறித்தாள். வண்டியின் 'கெ' பக்கத்தை அந்த வாசலைப் பார்த்து வைத்தாள்.

அப்புறம் நடந்ததைப் பார்த்துக் கூட்டம் முதலில் சிரித்தது. பெட்டியைச் சுற்றிச் சுற்றி உடம்பை வளைத்து வரும் ஒரு பெண்ணும், எந்தப் பக்கம் தலை என்றே தெரியாத ஒரு வண்டியும். இரண்டாவது வளைவு தாண்டியதும் சிரிப்பு நின்றது. வண்டி திரும்பாமலே பக்கவாட்டில் நழுவி அடுத்த சந்தில் புகுந்தபோது யாரோ விசில் அடித்தார்கள். மூன்றாவது வளைவில் லேசாக ஒரு உரசல், அவ்வளவுதான். நாலாவது தாண்டி, தட்டில் ஒரு பந்துகூடக் குறையாமல் எல்லைக் கோட்டைத் தொட்டது. சுரேஷ் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். அடுத்த சுற்றில் ஒரு மோட்டார் புகைந்து நாங்கள் வெளியேறினோம். அதற்காக யார் கவலைப்பட்டது?

சாயங்காலம் சாமான்களைக் கட்டிக்கொண்டு, நான் கை காட்டிய அந்த வாசல் வழியாகத்தான் வெளியே வந்தோம். மேகம் கலைந்திருந்தது. நேர் எதிரே, ஐஸ் வண்டிக்கு மேலே, சூரியன் சிவப்பாக இருந்தது. அவள் நின்றுவிட்டாள்.

"அது இன்னாது?"

"சூரியன்."

"அது தெரியுது. இன்னா பண்ணுது?"

"மறையுது" என்றேன்.

"கப்பல் நின்னுச்சுன்னியே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பஸ்ஸில் அவள் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். சுரேஷ் நடுவில் உட்கார்ந்து ஒன்றும் புரியாமல் இரண்டு பக்கமும் முறுக்கு நீட்டிக்கொண்டிருந்தான். திண்டிவனம் தாண்டியதும் அவளாகவே ஆரம்பித்தாள்.

"ஓட்டறப்ப எனக்கு ஒரு தடவகூடச் சந்தேகம் வரல, தெரியுமா? அதான் பயமா இருக்குது."

"நீ ஓட்டணும்னுதான் சொன்னேன். வேற வழி தெரியல."

"இன்னொரு தபா கப்பலு கிப்பலுன்னு சொன்னீன்னா செவுளு பிஞ்சிடும்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் சிரிக்க ஆரம்பித்தாள். "ஆனா பாரேன். வண்டி பாட்டுக்கு ஓடிச்சு. அதுக்குக் கெழக்கும் வேணாம், மேக்கும் வேணாம். எனக்குத்தான் வேண்டியிருந்துச்சு."

விவகாரம் அதோடு முடியவில்லை. ப்ராஜெக்ட் அறிக்கையில் அதை எழுதிவிட்டாள். போட்டியன்று ஓட்டியவருக்குத் திசை தவறாகத் தெரிந்திருந்தது, அப்படியிருந்தும் வண்டி தவறாமல் ஓடியது என்று ஒரு தனிப் பத்தி. படித்ததும் அவளிடம் ஓடினேன்.

"அடிப்பாவி, ஆபரேட்டர் தப்புன்னு எழுதுனா கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லியிருக்காரு. ரவுண்டு முடிஞ்சுது, சும்மா வுடேன்!"

"நடந்தத வுட்டுட்டு எழுதுனா அது ப்ராஜெக்ட்டா? கடையில வாங்குனதா?"

கடையில் வாங்கியவன் வாயை மூடிக்கொண்டேன்.

வாய்மொழித் தேர்வு அன்று செமினார் ஹாலில் வகுப்பு மொத்தமும் உட்கார்ந்திருந்தது. துறைத் தலைவர் அறிக்கையைப் புரட்டினார். போட்டிக்காரர்கள் கொடுத்த சான்றிதழைப் பார்த்துத் தலையாட்டினார். பேனா மூடியைத் திருகினார். அந்தப் பத்தி இருந்த பக்கம் வந்தது. மூடியை மறுபடி போட்டுவிட்டார்.

"ஓட்டுனவருக்குத் திசை தப்புன்னு எழுதியிருக்க. யாரு ஓட்டுனது?"

"நான்தான் சார்."

பின்வரிசையில் ஆரம்பித்த சிரிப்பு ஹால் முழுக்கப் பரவியது. "கெழக்காலவுக்கே கெழக்கு தெரியலடா!" என்று யாரோ கத்தினான். பெஞ்சைத் தட்டினார்கள். அவள் காது சிவந்ததை என் இடத்திலிருந்து பார்த்தேன்.

"உனக்குத் திசை தப்பாதுன்னு காலேஜே சொல்லுது. யாராவது தப்பாச் சொல்லிக் குடுத்தாங்களா?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "இல்ல சார். எனக்குத்தான் தப்பிடுச்சு."

மேடைப் பக்கத்தைக் கிழக்கு என்று ஒரு நிமிடம் வைத்துக்கொள்ள முடியாதவள். அவளுக்கென்று இருந்ததே அந்த ஒரு பெருமைதான். அதை அத்தனை பேர் சிரிக்கிற நேரத்தில் எனக்காக விட்டுக் கொடுத்துவிட்டாள். எனக்குத் தாங்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"பொய் சார். நான்தான் தப்பாச் சொன்னேன். கடல் தெரியுதுன்னு சொன்னேன். கப்பல் நிக்குதுன்னும் சொன்னேன்."

துறைத் தலைவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கப்பலா?" என்றார்.

"ஆமா சார்."

அந்தப் பத்தியை விரல் வைத்து மறுபடி படித்தார். "அதாவது, ஓட்டறவங்கள ஏமாத்திட்டாக்கூட வண்டி ஓடுது" என்றார், யாரிடமும் இல்லாமல். பேனா மூடியை ஒரே ஒரு முறை திருகி, கையெழுத்தைப் போட்டார்.

வெளியே வராந்தாவில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "உன்ன யாரு எழுந்திருக்கச் சொன்னது? அவரு மாட்டேன்னு சொல்லியிருந்தா? ஒரு வருஷம்பா, ஒரு வருஷம்!"

"உனக்குத் திசை தப்பும்னு அவனுங்க சிரிச்சானுங்க. என்னால முடியல" என்றேன்.

வராந்தாச் சுவரில் அப்படியே உட்கார்ந்து, கையெழுத்துப் போட்ட பக்கத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். போகிறவன் வருகிறவன் எல்லாம் ஃபெயில் போலிருக்கிறது என்று பாவமாகப் பார்த்துக்கொண்டு போனான்.

"ஏய், மை இன்னும் காயல! கையெழுத்து கலஞ்சுடப் போவுது, தள்ளிப் புடி!" என்று நான் கத்தினேன்.